மாற்றாத மாஸ்டர் சிலிண்டருக்குப் பணம் கொடுத்தேன்: பழைய கார் வைத்திருப்போர் கவனத்துக்கு

என் தந்தையார் 2003-இல் வாங்கிய மாருதி ஜென் காரை இப்போது நான் ஓட்டி வருகிறேன். பதினைந்து ஆண்டு முடிந்தபோது ஒரு முறையும், அதற்கு ஐந்து ஆண்டு கழித்து ஒரு முறையும் எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பித்த வண்டி அது. சென்ற ஆண்டு அதன் பிரேக்கைச் சரிசெய்யக் கொடுத்த இடத்தில் நடந்ததை இங்கே முழுமையாக எழுதுகிறேன். நுகர்வோர் ஆணையத்தில் என் புகார் நிலுவையில் இருப்பதால் பட்டறையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதலில் கண்ட குறை இதுதான். பிரேக் பெடலை மிதித்தால் கால் பஞ்சுக்குள் அழுந்துவதுபோல் இறங்கியது. பாதி தூரம் போன பிறகே வண்டி பிடித்தது. தொடர்ந்து மூன்று நான்கு முறை மிதித்துப் பார்த்தும் அந்த மெத்தென்ற தன்மை மாறவில்லை. பிரேக் ஆயில் குழாய்க்குள் காற்று இருந்தாலோ, பின்சக்கர டிரம்முக்கும் அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூவுக்கும் இடைவெளி கூடியிருந்தாலோ, அடுத்தடுத்து மிதிக்கும்போது பெடல் கொஞ்சமாவது மேலே வந்து இறுகும் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அங்கேயே ஒரு கேள்வி கேட்டிருப்பேன்.

பட்டறை மேற்பார்வையாளர் இருக்கையில் அமர்ந்து ஒரே ஒரு முறை மிதித்துவிட்டு, "மாஸ்டர் சிலிண்டர் போயிருச்சு சார்" என்றார். மிதிக்கும் அழுத்தத்தை ஆயில் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் அனுப்பும் பாகம் அது. ஜாக்கி வைத்து ஒரு சக்கரத்தைக்கூடத் தூக்கவில்லை. மறுநாள் மாலை வண்டியை எடுக்கப் போனபோது கொடுத்த பில்லில் மாஸ்டர் சிலிண்டர் 3,150 ரூபாய், பிரேக் ஆயில் 480 ரூபாய், மாட்டிய கூலியும் நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்த (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றிய) கூலியும் சேர்ந்து 1,800 ரூபாய் என்று இருந்தது. வரியுடன் ஏறத்தாழ 6,700 ரூபாய் கட்டினேன். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டேன். ஸ்கிராப்புக்குப் போய்விட்டது என்றார்கள். பெடல் முன்பைவிட உயரமாக நின்றது, லேசாகத் தொட்டதும் பிடித்தது. நம்பி வந்துவிட்டேன்.

மூன்று நாள் கழித்துக் குடும்பத்துடன் வால்பாறைக்குச் சென்றோம். ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போதே வண்டி வழக்கத்தைவிட இழுக்கச் சிரமப்பட்டது. ஏற்றம்தானே என்று விட்டுவிட்டேன். மறுநாள் இறங்கும்போது இரண்டாவது கியரில்தான் வந்தேன். ஆனாலும் பாதி வளைவுகள் கடந்ததும் கருகிய வாடை வரத் தொடங்கியது. பதினொன்றாவது வளைவை நெருங்கும்போது மிதித்த பெடல் எந்தத் தடையும் இல்லாமல் தரைவரை போய்விட்டது. பின்னால் இரண்டு குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள். முதல் கியருக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஒன்பதாவது வளைவில் உள்ள லோம்ஸ் வியூ பாயிண்ட்டில் மண் திட்டோரம் ஒதுக்கி நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக் கம்பி வழியாகப் பின் ஷூக்களை இழுப்பது. அதற்கு ஆயில் தேவையில்லை. அது ஒழுங்காக இருந்ததால்தான் இன்று இதை எழுதுகிறேன். முன்சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோக முடியாத அளவுக்கு அனல் அடித்தது. தண்ணீர் ஊற்றாமல் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். ஆறியதும் பெடலுக்கு உயிர் வந்தது. முதல் கியரிலேயே ஆழியாறு சேர்ந்தோம்.

பொள்ளாச்சியில் நாற்பது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கும் ஒரு பெரியவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் பார்த்த முறையை விரிவாகச் சொல்வது மற்றவர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். முதலில் ஆயில் தொட்டியின் மூடியைத் திறந்து காட்டினார். புதிய பிரேக் ஆயில் வெளிர்மஞ்சளாகத் தெளிந்திருக்கும். என் வண்டியில் இருந்தது காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. பிறகு இஞ்சினை ஓடவிட்டு, பெடலை ஒரே அழுத்தத்தில் ஒரு நிமிடம் மிதித்தபடி இருக்கச் சொன்னார். மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் தேய்ந்திருந்தால் பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போகும். இறங்கவில்லை. அடுத்து, ஹோஸ் கிளாம்ப் கொண்டு, உலோகக் குழாயைத் தொடாமல், ரப்பர் ஹோஸ்களை மட்டும் அடைத்துவிட்டு மிதிக்கச் சொன்னார். பெடல் கல்லைப் போல நின்றது. சிலிண்டரில் குறை இல்லை என்பது அத்துடன் உறுதியாயிற்று. ஒவ்வொரு கிளாம்ப்பாக எடுத்துக்கொண்டு வந்தபோது, முன் இடது ஹோஸைத் திறந்ததும் கால் மறுபடி அழுந்தியது. டார்ச் அடித்துப் பார்த்தால், மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஹோஸின் நடுப்பகுதி இரை விழுங்கிய பாம்பைப் போல உப்பித் தணிந்தது. இருபது ஆண்டுப் பழைய ரப்பர், சில நூறு ரூபாய்ப் பொருள். குறை அவ்வளவுதான்.

அப்படியானால் பட்டறையில் என்ன செய்தார்கள்? மாஸ்டர் சிலிண்டரின் மேல் வெள்ளி நிறப் பெயிண்ட் அடித்திருந்தது. பெரியவர் நகத்தால் சுரண்டியபோது அடியில் பழைய துரு தெரிந்தது. அதைப் பிடித்திருக்கும் நட்டுகளிலும் குழாய் இணைப்புகளிலும் ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. சக்கரங்களில் ஏர் எடுக்கும் நிப்பிள்களின் மேல் மண் இறுகிக் கிடந்தது. "இந்த நிப்பிள்ல ஸ்பேனர் வெச்சே பல வருசம் ஆச்சுங்க தம்பி" என்றார். திறக்க முயன்றபோது பின்சக்கர நிப்பிள்கள் இரண்டும் முறிந்தே போயின. ஏர் எடுத்ததற்கு நான் கூலி கொடுத்திருக்கிறேன்.

இதையெல்லாம்விட என்னை நடுங்கவைத்தது வேறொன்று. பெடலையும், மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டரையும் இணைக்கும் தண்டின் லாக் நட்டை மட்டும் தளர்த்தி, தண்டை நீட்டி முறுக்கியிருந்தார்கள். அந்த மரைகள் மட்டும் பளபளத்தன. தண்டு நீண்டால் பெடல் உயரும், பிடிக்கும் இடமும் மேலே வரும். மெத்தென்ற தன்மை மாறாவிட்டாலும் ஓட்டுபவருக்குப் பிரேக் சரியாகிவிட்டதாகத் தோன்றும். ஆனால் காலை எடுத்த பிறகும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுமையாகப் பின்வாங்காது. ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கும். வெப்பத்தில் விரியும் ஆயிலுக்குப் போக வழியில்லாமல், மிதிக்காமலேயே பிரேக் பேட்கள் முன்சக்கரத்துடன் சுழலும் டிஸ்க்கை அழுத்திக்கொண்டிருக்கும். அதனால் மேலும் சூடேறும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 என்ற பிரேக் ஆயில் வகையின் கொதிநிலைக்கான குறைந்தபட்ச அளவு புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ், அதில் 3.7 சதவீதம் நீர் கலந்துவிட்டால் 140 டிகிரி. மாற்றாமல் விட்ட அந்தப் பழைய ஆயில் மலையிறக்கத்தில் கொதித்து ஆவியானதும் பெடல் தரைக்குப் போனது. ஒரு சாதாரணக் குறையுடன் போன வண்டியை உயிருக்கு ஆபத்தான வண்டியாக்கி, அதற்குப் பில்லும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பணத்தை ஏமாற்றியதைக்கூட என்னால் ஒருநாள் மறக்க முடியும். அந்தத் தண்டை நீட்டிய கையை மறக்க முடியாது.

பெரியவர் ரப்பர் ஹோஸ்கள் அனைத்தையும், நிப்பிள் முறிந்த, பின் ஷூக்களைத் தள்ளும் இரண்டு வீல் சிலிண்டர்களையும் மாற்றி, தண்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, பின் இடது சக்கரத்திலிருந்து தொடங்கி, தெளிந்த ஆயில் வரும்வரை ஏர் எடுத்தார். அப்போது பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்தார். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத ஆழப்பகுதி துருவேறிச் சொரசொரப்பாக இருக்கும் என்றும், ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதித்தால் நல்ல ரப்பரும் கிழிந்துவிடும் என்றும் விளக்கினார். மொத்தச் செலவு 3,900 ரூபாய். பழைய பாகங்களை நான் கேட்கும் முன்பே ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்.

வண்டியைப் பட்டறையில் விடும்முன், மாற்றப்போவதாகச் சொல்லும் பாகத்தைச் செல்பேசியில் படமெடுத்து, அதன்மேல் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். பழைய பாகம் வேண்டும் என்று வேலை தொடங்குவதற்கு முன்பே எழுதி வாங்குங்கள். புதிய பாகத்தின் எண் பில்லில் இருக்கவேண்டும். எந்தச் சோதனையின் அடிப்படையில் மாஸ்டர் சிலிண்டர் என்று முடிவு செய்தீர்கள் என்று கேளுங்கள். சோதித்தவர் கோபப்படாமல் பதில் சொல்வார்.

படங்களுடன் பட்டறைக்குச் சென்றபோது, சிலிண்டர் கம்பெனியிலிருந்து வரும்போதே அதில் பெயிண்ட் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். பிறகு இலவச சர்வீஸ் செய்து தருவதாகச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்தும் தீர்வு கிடைக்காததால், கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று மனு கொடுத்தேன். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்கவேண்டும். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. பில், படங்கள், பெரியவர் எழுதிக் கொடுத்த குறிப்பு எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன்.

அந்தப் பட்டறையை என் பேச்சைக் கேட்டுத் தேடிப் போனவர்கள் இரண்டு பேர். இருவரையும் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிட்டேன். ஒருவர் அங்கே பிரேக் வேலை எதுவும் பார்க்கவில்லை. மற்றவர் பார்த்திருக்கிறார், வரும் ஞாயிற்றுக்கிழமை அவருடைய வண்டியைப் பெரியவரிடம் கொண்டுபோகிறோம். அதுவரை மலைப்பக்கம் போகவேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.