ஃபைபர் எங்கே ஜெயிக்கும், எங்கே தோற்கும்?

ஒளி வேகமாக ஓடுவதால்தான் ஃபைபர், அதாவது மெல்லிய கண்ணாடி இழை வழியாக வரும் இணைப்பு வேகமாக இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கண்ணாடிக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். நல்ல செம்புக் கேபிளில் சிக்னலும் ஏறக்குறைய அதே வேகம்தான். ஃபைபரின் பலம் வேறு. பல நிற ஒளிகளில் தனித்தனித் தகவல்களை ஏற்றி ஒரே இழையில் அனுப்பலாம். அதைவிட முக்கியம், தூரம் போனாலும் அவ்வளவாக மங்காது.

அந்த மங்காமை சும்மா வந்துவிடவில்லை. கண்ணாடியிலுள்ள அசுத்தத்தை நீக்கினால் ஒளி இழப்பைக் கிலோமீட்டருக்கு 20 டெசிபெலுக்குக் (சிக்னல் எவ்வளவு மங்குகிறது என்பதன் அளவு) கீழே இறக்கலாம் என்று 1966-ல் ஆய்வாளர்கள் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் சொன்னார்கள். 1970-ல் கார்னிங் நிறுவன ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். இன்று அந்த இழப்பு கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபெல், 15 கிலோமீட்டர் கடந்த பிறகும் பாதி ஒளி மிஞ்சும். சாதாரண நெட்வொர்க் செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. கண்டம் விட்டுக் கண்டம் என்றால் போட்டியே கிடையாது.

கட்டடத்துக்குள் வந்தால் கதை வேறு. செம்பில் தகவலோடு மின்சாரமும் போகும். கண்காணிப்புக் கேமராவுக்கு ஒரே கேபிள் போதும். முனை கெட்டால் புது முனையை வைத்து அழுத்தி (கிரிம்ப் செய்து)விட்டு வேலையைப் பார்க்கலாம். ஃபைபர் அறுந்தாலோ, மேலுறையை உரித்து, ஆல்கஹாலால் துடைத்து, முனையை நேராக வெட்டி, ஸ்ப்ளைசிங் மெஷினில் வைக்க வேண்டும். ஒளி போகும் மையம் வெறும் 9 மைக்ரோமீட்டர். இரு பக்க மையங்களும் நேருக்கு நேர் வந்த பிறகுதான் மெஷின் மின்பொறியால் உருக்கி ஒட்டும். கனெக்டரில் ஒரு தூசி உட்கார்ந்தாலே சிக்னல் படுத்துவிடும். மேசைவரை ஃபைபர் இழுப்பது என் கணக்கில் பெரும்பாலும் வீண்.

சரி, மருத்துவத்துக்கு வருவோம். 1957-ல் மருத்துவர் பேசில் ஹிர்ஷோவிட்ஸ், இரைப்பைக்குள் பார்க்க ஃபைபர் இழைகளால் செய்த வளையும் குழாயை (எண்டோஸ்கோப்) முதலில் தன் தொண்டைக்குள்ளேயே இறக்கிப் பார்த்தார். ஆயிரக்கணக்கான இழைகள் இரு முனையிலும் ஒரே வரிசையில் நின்றால்தான் படம் தெரியும். ஓர் இழை உடைந்தால் படத்தில் ஒரு கரும்புள்ளி. பழைய கருவியில் புள்ளிகள் கூடிக்கொண்டே போகும். 1980-களில் குழாயின் நுனியிலேயே கேமரா சிப் வந்தது. படம் மின்கம்பி வழியாகத் திரைக்குப் போனது. தொலைத்தொடர்பில் தோற்ற கம்பி இங்கே பழி தீர்த்துக்கொண்டது! பல கருவிகளில் உள்ளே வெளிச்சம் கொண்டுபோகும் வேலை மட்டும் ஃபைபரிடம் மிஞ்சியிருக்கிறது.

லேசரை உள்ளே கொண்டுபோவதில் ஃபைபர்தான் கெட்டி. சிறுநீரகக் கல்லை உடைக்கும் ஹோல்மியம் லேசர் மெல்லிய இழைக்குள் வளைந்து நெளிந்து போய்விடும். கார்பன் டை ஆக்சைடு லேசர் போகாது. அந்த அலைநீளத்தைக் கண்ணாடி விழுங்கிவிடும் என்பதால் ஒளியைத் திருப்பிவிடும் ஆடிகள் பதித்த மூட்டுக் கையைத்தான் பெரும்பாலும் நம்பியிருக்கிறது.

இதய ரத்தக்குழாயை உள்ளிருந்து பார்ப்பதில்தான் போட்டி சமமாக நடக்கிறது. ஃபைபர் வழியே ஒளியை அனுப்பிப் படமெடுக்கும் ஓசிடி என்கிற முறை 10 முதல் 20 மைக்ரோமீட்டர் நுணுக்கம்வரை காட்டும். குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்ட் வலையின் கம்பி சுவரில் சரியாக ஒட்டியிருக்கிறதா என்பது பளிச்சென்று தெரியும். ஐவஸ் என்கிற அல்ட்ராசவுண்ட் அவ்வளவு நுணுக்கமில்லை, ஆனால் ஆழமாகப் பார்க்கும். அப்புறம், ரத்தம் ஒளியை மறைக்கும் என்பதால் ஓசிடிக்கு வழக்கமாகக் கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்தி ரத்தத்தை விலக்க வேண்டும். சிறுநீரகம் பலவீனமானவருக்கு அந்த மருந்தே சுமை. அங்கே ஐவஸ்தான் பொருத்தம்.