அசல் மார்க் ஷீட்டைக் கொடுத்துவிடாதீர்கள்

தீபாவளிக்கு ஆள் எடுக்கும் நேரம் இது. மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கடைகளில் வேலைக்குச் சேரப் போகும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். அப்படி ஒரு கடையில் 14 மாதம் பில் போட்டேன், சேலை எடுத்துக் காட்டினேன்.

சேர்ந்த அன்று முதலாளி பேசிய விதத்தில் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இங்கே முதலாளி, வேலையாள் என்றெல்லாம் கிடையாதம்மா. எல்லாம் நம் வீட்டுப் பிள்ளைகள்" என்றார். திருமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகும் பெண்ணுக்கு வேறென்ன வேண்டும்? பிளஸ் டூ அசல் மார்க் ஷீட்டைக் கேட்டார், பீரோவில் பத்திரமாக இருக்கும் என்றார். கொடுத்துவிட்டு வந்தோம்.

சம்பளம் 12,000 ரூபாய். காலையில் பத்து நிமிடம் பிந்தினால் 50 ரூபாய் பிடித்தம். அதைக் குறிக்கவென்றே சிவப்பு அட்டை போட்ட நோட்டு இருந்தது. இரவு ஒன்பதரைக்கு மேலும் நின்று சேலை மடித்த நேரத்தை எழுத எந்த நோட்டும் இல்லை.

கவுண்டருக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடக்கும். ஆள் வராத மத்தியானத்தில் அதில் உட்கார்ந்தால் முதலாளி திட்ட மாட்டார். நாம் எழுந்ததும் ஸ்டூலைத் தூக்கி, எட்டாத உயரத்தில் பண்டல்களின்மேல் கவிழ்த்துவிட்டுப் போவார். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. எனக்கு அது வேலையை விட்ட பிறகுதான் தெரியும். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் பன்னிரண்டு மணி நேரம் நின்ற நாட்கள் உண்டு. வைகாசியில் இடது காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொண்டது.

மாதாமாதம் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் மருத்துவக் காப்பீடு என்று 90 ரூபாய் பிடித்தார்களே என்ற தைரியத்தில் தத்தனேரி இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் கணினியில் தட்டிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். "உங்கள் பெயரே பதிவாகவில்லையேம்மா" என்றார். என் கையில் இருந்த சம்பளச் சீட்டில் 90 என்று பேனாவால் எழுதியிருந்தது.

இந்தத் திட்டத்தில் தொழிலாளி பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். எனக்காக அவர் கட்ட வேண்டியது மாதம் 390 ரூபாய். அதை மிச்சம் பிடிக்கப் பதிவே செய்யவில்லை. என்னிடம் பிடித்ததையும் வைத்துக்கொண்டார். பத்துப் பேர் இருந்தாலே சட்டம் பொருந்தும். அங்கே நாங்கள் 14 பேர்.

கேட்டதற்கு, "உனக்கு என்ன குறை வைத்தேன்? தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுக்கவில்லையா?" என்றார். வீட்டுப் பிள்ளை கணக்குக் கேட்கக் கூடாது என்பதைத்தான் முதல் நாளே சொல்லியிருக்கிறார். நாளை முதல் வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

சிறிய கடைக்காரர்கள் எல்லோரும் இப்படி என்று சொல்ல மாட்டேன். என் அப்பா வேலை பார்த்த பாத்திரக் கடையில் ஆட்களே இரண்டு பேர்தான். அந்த முதலாளி சனிக்கிழமை இரவு சம்பளத்தை எண்ணிக் கையில் கொடுத்த பிறகுதான் ஷட்டரை இறக்குவார்.

வேலையை விட்டு நீக்கினால் இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கியைத் தர வேண்டும். என் 17 நாள் சம்பளம் இன்னும் வரவில்லை. மார்க் ஷீட்டுக்காக மூன்று முறை போனேன். மூன்று முறையும் பீரோ சாவி வீட்டில் இருந்தது. மாமா சொன்னபடி எல்லாவற்றையும் எழுதித் தபாலில் அனுப்பினேன். கடிதம் போய்ச் சேர்ந்த அன்று மாலையே கடைப் பையன் மார்க் ஷீட்டைக் கொண்டுவந்தான். நான்காக மடித்திருந்தார்கள்.

தொழிலாளர் உதவி ஆய்வாளரிடமும் இ.எஸ்.ஐ. கழகத்தின் மதுரை அலுவலகத்திலும் மனு கொடுத்திருக்கிறேன். சம்பளச் சீட்டு ஒன்றையும் நான் தொலைக்காததால் காட்டுவதற்கு ஆதாரம் இருந்தது. நீங்களும் எடுத்து வையுங்கள். சான்றிதழ் கேட்டால் நகலைக் கொடுங்கள். முதல் பிடித்தம் விழுந்த மாதமே உங்கள் இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தர முடியாது என்றால் அன்றைக்கே வேறு கடை பாருங்கள்.

போன வாரம் அந்த வழியாக வந்தேன். "விற்பனைக்குப் பெண்கள் தேவை" என்று வாசலில் அட்டை தொங்குகிறது.