பழைய படகின் போலி மரம்: மேலே ஒட்டுவதா, பலகையையே மாற்றுவதா?

மஹோகனி மரப் படகுகளுக்குப் பேர்போன அமெரிக்காவின் கிறிஸ்-கிராஃப்ட் நிறுவனமே 1964இல் கமாண்டர் என்ற 38 அடி படகை ஃபைபர் கிளாஸில் கொண்டுவந்தது. படகின் உடம்பு பிளாஸ்டிக் ஆனாலும் வாங்குகிறவர் கண்ணுக்கு மரம் தேவைப்பட்டது. அதனால் 1970, 80களின் அமெரிக்கப் படகுகள் பலவற்றில் டேஷ்போர்டு என்பது மர ரேகை அச்சடித்த வினைல் ஃபிலிம் ஒட்டிய பிளாஸ்டிக் பலகைதான். அந்தக் காலத்து ஸ்டேஷன் வேகன் கார்களின் பக்கவாட்டில் இருந்த 'மரமும்' இதே ஜாதி. இன்று படகில் அந்த ஃபிலிம் வெளிறி, ஓரம் சுருண்டு, வேகமும் எரிபொருளும் காட்டும் கேஜ்களைச் சுற்றி வெடித்துக் கிடக்கிறது.

எந்த வழியில் போனாலும் முதல் வேலை ஒன்றுதான்: பேட்டரி இணைப்பை எடுத்து, கேஜ்களையும் சுவிட்சுகளையும் கழற்றி, ஒவ்வொரு வயருக்கும் சீட்டு ஒட்டி, பலகையை வெளியே எடுப்பது. மொத்த உழைப்பில் பெரும்பகுதி இங்கேயே போய்விடும். ஆகவே பொருள் என்ன விலை என்பதைவிட, இந்தக் கழற்றும் வேலை மறுபடி எப்போது வரும் என்பதுதான் எனக்குக் கேள்வி.

பலகை தட்டையாக, வெடிப்பில்லாமல் இருந்தால் புது ஃபிலிமே போதும். 3எம் நிறுவனத்தின் டை-நாக் போன்ற ஃபிலிம்களில் உட்புறத்துக்கு ஒரு வகை, வெளிப்புறத்துக்கு ஒரு வகை என்று தனித்தனியாக உண்டு. உட்புற வகையை வாங்கித் திறந்த படகில் ஒட்டினால் வெயில் சீக்கிரமே தின்றுவிடும். பழையதைச் சூடான காற்று ஊதும் ஹீட் கன்னால் இளக்கி உரிக்கலாம். மிச்சப் பசையைத் துடைக்க அசிட்டோன் மட்டும் வேண்டாம். பலகை ஏபிஎஸ் பிளாஸ்டிக் என்றால் அதையே கரைத்துவிடும். தட்டையான இடத்தில் ஒட்டுவது சுலபம். ஆழமான வளைவில் இழுத்து ஒட்டிய ஃபிலிம் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். அதனால் ஓரங்களில் பசைப் பிடிப்பைக் கூட்டும் பிரைமர் தடவி, ஒட்டி முடித்ததும் நன்றாகச் சூடு காட்ட வேண்டும்.

வளைவும் பள்ளமும் நிறைந்த பலகைக்கு ஹைட்ரோ டிப்பிங் பொருந்தும். தண்ணீரில் மிதக்கும் அச்சு ஃபிலிமின் மேல் ரசாயனம் தெளித்து, பலகையை அதில் முக்கி எடுப்பார்கள்; ரேகை எல்லா மடிப்பிலும் படியும். ஆனால் ஆயுள் ரேகையில் இல்லை, அதன்மேல் அடிக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட்டில் இருக்கிறது. புறஊதாக் கதிரைத் தாங்கும் கோட் தருவார்களா என்று கடையில் கேட்டுவிடுங்கள். ஒரு மூலையில் கீறினாலும் அதே ரேகையை அங்கே மட்டும் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம். கையாலேயே ரேகை வரைபவர்களும் உண்டு. கை பழகியவருக்குச் சரி, எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

பலகை வெடித்திருந்தால் கதை வேறு. மேலே எதை ஒட்டினாலும் வெடிப்பு காட்டிக்கொடுக்கும். பழையதை அச்சாக வைத்துப் புதிதாக வெட்ட வேண்டியதுதான். மனசு உடனே மஹோகனிக்கு ஓடும். மரைன் பிளைவுட்டில் மஹோகனி வெனீர், அதாவது மெல்லிய மரத் தகடு, ஒட்டி வார்னிஷ் அடித்தால் அதன் அழகுக்கு மற்ற எதுவும் கிட்டே வராது. தொல்லை பருமனில் வரும். பழைய மெல்லிய பிளாஸ்டிக்கை நினைத்துச் செய்த சுவிட்சின் கழுத்து, 6 மில்லிமீட்டர் பலகையைத் தாண்டி மரை பிடிக்கும் அளவுக்கு நீளாமல் போகலாம்; அப்போது பின்பக்கம் குடைந்து மெலிதாக்க வேண்டும். கேஜ் துளைகளின் உள்விளிம்பு வரை எபாக்சி பூசாவிட்டால் ஈரம் அங்கேதான் முதலில் ஏறும். வெனீர் மெல்லியது, உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தால் பிளைவுட் தெரிந்துவிடும். வார்னிஷ் ஆறேழு கோட் வேண்டும், வெயிலில் நிற்கும் படகென்றால் அதை அடிக்கடி புதுப்பிக்கவும் வேண்டும். கொட்டகையில் நிற்கும் படகுக்கு மஹோகனி. வெட்டவெளியில் நிற்பதற்கு என் ஓட்டு விழாது.

அங்கே நான் மரத்தையே விட்டுவிடுவேன். ஸ்டார்போர்டு என்ற பெயரில் விற்பது போன்ற கடல்தர பாலிஎதிலீன் பிளாஸ்டிக் பலகை அழுகாது, வார்னிஷ் கேட்காது. சாதாரணப் பசையோ பெயின்ட்டோ அதில் நிற்காது என்பதால் ஸ்குரூதான். சூட்டில் விரியும், துளையைக் கொஞ்சம் பெரிதாகப் போட வேண்டும். கறுப்பில் பார்க்க நன்றாகவே இருக்கும். போலி மரம்தான் அந்தப் படகின் முகமே என்பவர்கள் முகம் சுளிப்பார்கள். அதுவும் நியாயம்தான், அவர்கள் தட்டையான புது பிளாஸ்டிக் பலகை வெட்டி அதன்மேல் வெளிப்புற ஃபிலிம் ஒட்டட்டும்.

கேபினுக்குள் இருக்கும் மர ரேகை மைக்காவுக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. வெயில் படாத இடம், துடைத்தாலே பல வருடம் ஓடும். அது உப்பியிருந்தால் மட்டும் பின்னால் இருக்கும் பிளைவுட்டை ஸ்குரூ டிரைவர் நுனியால் குத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே இறங்கினால் மேலே எங்கிருந்தோ தண்ணீர் வருகிறது. முதலில் அந்த ஒழுகலை அடைத்துவிடுங்கள், அப்புறம் பிளைவுட், கடைசியில்தான் மைக்கா.