ஸ்டிக்லி நாற்காலியா, கிரீன் சகோதரர்கள் மேசையா?

கைவேலைக்கும் எளிமைக்கும் முதலிடம் கொடுத்த ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் பாணி பிறந்தது இங்கிலாந்தில். மரச்சாமான் என்று வந்தால் எனக்குப் பிடித்தது, அமெரிக்காவில் அது இரண்டு வழியாகப் பிரிந்த கதைதான். ஒரு வழி நியூயார்க் மாநிலத்தின் மரச்சாமான் தயாரிப்பாளர் குஸ்தாவ் ஸ்டிக்லியுடையது. இன்னொன்று கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் வீடு கட்டிய கட்டடக் கலைஞர்கள் சார்லஸ், ஹென்றி கிரீன் சகோதரர்களுடையது.

ஸ்டிக்லியின் சாமான்களில் வளைவு நெளிவு குறைவு. வெள்ளை ஓக், தடித்த சட்டங்கள். குறுக்குச் சட்டத்தின் முனை காலைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் எட்டிப் பார்க்கும். சில இடங்களில் அதில் ஆப்பும் அடித்திருக்கும். 'எப்படிப் பொருத்தினேன் என்று நீயே பார்த்துக்கொள்' என்கிற தோரணை. நிறத்துக்கும் சாயம் மட்டும் பூசி விடுவதில்லை. அடைத்த அறையில் அம்மோனியா ஆவியில் மரத்தை வைப்பார்கள். ஓக்கில் இயல்பாகவே உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு அது வினைபுரிந்து மரமே பழுப்பேறும்.

கிரீன் சகோதரர்களின் சரக்கு வேறு. பாசடீனாவில் அவர்கள் 1908-இல் கட்டத் தொடங்கிய கேம்பிள் இல்லத்தைப் பாருங்கள்: தேக்கு, மகோகனி, விளிம்பெல்லாம் கை வைத்தால் வழுக்கும் மழமழப்பு. நேர்க்கோடு போய்க்கொண்டே இருக்கும்போது மெல்ல ஒரு படி எழும்பி மறுபடி நேராகும். கீழை நாட்டுச் சாயல். ஆங்காங்கே சதுரமான கருங்காலி முளைகள், மரத்தின் மட்டத்துக்குச் சற்றே மேலே துருத்தி நிற்கும்.

அந்த முளைகளில்தான் விஷயமே இருக்கிறது. பலவற்றின் அடியில் ஒளிந்திருப்பது ஸ்க்ரூ! மேசைப் பலகையின் இரு முனைகளிலும் குறுக்கே ஒரு கட்டை வரும். பலகை ஈரத்தில் விரியும், வறட்சியில் சுருங்கும். முனைக்கட்டையை இறுக ஒட்டினால் பலகை வெடித்துவிடும். அதனால் நீள்துளை போட்டு, ஸ்க்ரூ நகர இடம் விட்டு, மேலே கருங்காலி முளையால் மூடினார்கள். இதை ஏமாற்று வேலை என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மரத்தின் குணம் தெரிந்தவர் செய்கிற வேலை அது.

சரி, ஸ்டிக்லி மட்டும் முழுக்கத் திறந்த புத்தகமா? ஓக் தடியை நான்காகப் பிளந்து பலகை அறுக்கும் 'கால்வாசி' முறையில் பளபளப்பான ஒரு ரேகை தெரியும்; அது சதுரக் காலின் எதிரெதிர் இரண்டு முகங்களில்தான் வரும். மீதி இரண்டில் அவர் மெல்லிய பலகை ஒட்டினார். கேட்டலாக்கில் நேர்மை பேசியவரின் கால்களிலும் ஒரு மறைப்பு உண்டு!

அழகு, நுணுக்கம் என்றால் என் ஓட்டு பாசடீனாவுக்கே. ஆனால் அவை ஒவ்வொரு வீட்டுக்காரருக்கென்றும் தனியாக வரைந்து, பீட்டர், ஜான் ஹால் சகோதரர்களின் பட்டறையில் செய்தவை. பணக்காரர் வீட்டுச் சமாச்சாரம். ஸ்டிக்லியோ கேட்டலாக் போட்டு விற்றார். தன் 'தி கிராஃப்ட்ஸ்மேன்' பத்திரிகையில் வீட்டிலேயே செய்துகொள்ள வரைபடங்களும் அச்சிட்டார். உளியும் ரம்பமும் பிடிக்கத் தெரிந்தவர் முதலில் எடுக்க வேண்டியது அந்த வரைபடங்களைத்தான். கருங்காலி முளையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.