8×50 ஃபைண்டர் என்று 4,750 ரூபாய் வாங்கினார்கள், வந்தது 24 மி.மீ.

4,750 ரூபாய். டெலஸ்கோப் மேல் மாட்டி, பார்க்க வேண்டியதைத் தேடிப் பிடிக்க உதவும் குட்டித் தொலைநோக்கியான ஒரு ஃபைண்டருக்கு. உடம்பில் வெள்ளை எழுத்தில் 8×50 என்று பளிச்சென்று இருக்கிறது, அதாவது 8 மடங்கு பெரிதாக்கும், முன் வில்லை 50 மி.மீ. முன் வில்லையும் 50 மி.மீ.தான், ஸ்கேல் வைத்து அளந்தாயிற்று. ஆனால் உள்ளே போய்ச் சேருகிற வெளிச்சம் 24 மி.மீ. அளவுக்குத்தான். மீதியை ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வளையம் மறித்துக்கொள்கிறது. பணத்தைத் திருப்பிக் கேட்டால் வருகிற பதில் இது: “பாடி சைஸ்தான் சார் 50. ஓப்பனிங் 50-னு நாங்க எங்கயும் போடலையே.”

கடையின் பெயர் வேண்டாம். டெலஸ்கோப், பைனாகுலர், மைக்ரோஸ்கோப் எல்லாம் வைத்துக்கொண்டு, ஒரு பெரிய விற்பனைத் தளத்துக்குள் கடை விரித்திருக்கும் ஆன்லைன் ஆட்கள். அவ்வளவு போதும். எந்த ஃபைண்டர் எதற்கு வாங்கலாம் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

மாட்ட வேண்டியது 114/900 நியூட்டோனியனில், அதாவது 114 மி.மீ. ஆடியும் 900 மி.மீ. குவியத்தூரமும் உள்ள டெலஸ்கோப்பில். கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸ் 25 மி.மீ. போட்டாலே 36 மடங்கு. வானத்தில் ஒன்றரை டிகிரிகூடத் தெரியாது. அதோடு வந்த 5×24 பிளாஸ்டிக் ஃபைண்டரை வைத்து நிலாவைப் பிடிக்கலாம், வேறு எதுவும் முடியாது. எதையும் பெரிதாக்காமல் வானத்தின் மேல் ஒரு சிவப்புப் புள்ளியை மட்டும் காட்டும் ரெட் டாட்டும் நகரத்து வானத்தில் உதவாது, புள்ளியைக் கொண்டுபோய் வைக்கக் கண்ணுக்கு நட்சத்திரம் தெரிந்தால்தானே? அதனால்தான் 8×50, அதிலும் நிமிர்ந்த நேர்ப் பிம்பம் தரும் ரைட் ஆங்கிள் வகை.

ஏமாந்த இடம் எது தெரியுமா? பணம் கட்டுவதற்கு முன்னால் அவர்களே வாட்ஸப்பில் கேட்டார்கள்: “உங்க டெலஸ்கோப்ல ஃபைண்டர் ஷூ இருக்கா சார், இல்ல ரெண்டு ஸ்க்ரூ மட்டுமா?” சின்ன டெலஸ்கோப்புகளில் 5×24 நேராக இரண்டு ஸ்க்ரூவில்தான் நிற்கும், 8×50 மாட்ட ஷூ எனும் தாங்கியைத் தனியாக வாங்க வேண்டும். அதைக் கேட்கத் தெரிந்தவன் ஏமாற்ற மாட்டான் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கின் விலைதான் 4,750 ரூபாய்.

கேள்விகளும் எழுத்தில்தான் போனது. முன் வில்லை நிறப் பிழையைக் குறைக்க இரண்டு கண்ணாடி ஒட்டிய அக்ரோமேட்டா? உள்ளே இருப்பது பிம்பத்தை இடவலம் மாறாமல் நேராகக் காட்டும் அமிச்சி பிரிசமா? பார்வைப் புலம், அதாவது ஒரே நேரத்தில் தெரியும் வானத்தின் அகலம், 6 டிகிரி வருமா? பத்து நிமிடத்தில் மூன்றுக்கும் “யெஸ் சார், 100% ஒரிஜினல்”. கூடவே ஒரு படம். படத்தில் இருந்த பிராக்கெட்டில் முன்னால் மூன்று, பின்னால் மூன்று என ஆறு ஸ்க்ரூ. பெட்டியில் வந்ததில் ஒரு ரப்பர் வளையம், இரண்டு ஸ்க்ரூ, ஒரு ஸ்பிரிங். அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும்.

சோதித்துப் பார்க்க ராத்திரி வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஃபைண்டரை வெளிச்சமான ஜன்னல் பக்கம் திருப்பி, ஐபீஸிலிருந்து ஒரு அடி தள்ளிப் பாருங்கள். நடுவில் சின்ன வெள்ளை வட்டம் மிதக்கும். ஐபீஸுக்குப் பின்னால் ட்ரேசிங் பேப்பரைப் பிடித்து, வட்டத்தின் விளிம்பு கூர்மையாகும் வரை முன்னும் பின்னும் நகர்த்தி, அங்கே ஸ்கேலை வைத்து அளங்கள். 50-ஐ 8-ஆல் வகுத்தால் 6.25. அசல் 8×50-இல் ஆறு மி.மீ.க்குச் சற்று மேலே இருக்க வேண்டும். இதில் இருந்தது 3. மூன்றை எட்டால் பெருக்கினால் 24. அதாவது 50 மி.மீ. வில்லை பிடிக்க வேண்டிய வெளிச்சத்தில் கால் பங்குகூட வரவில்லை. நட்சத்திரங்களை அளக்கும் பிரகாச எண்ணில் (மேக்னிட்யூட்) 1.6 போயிற்று.

முன்பக்கம் டார்ச் அடித்தால் திருடன் தெரிகிறான். வில்லைக்கு 4 செ.மீ. பின்னால் கறுப்பு வளையம், நடுவில் 19 மி.மீ. ஓட்டை. ஒளி அங்கே வருவதற்குள் கூம்பு போலக் குறுகிவிடுவதால் 19 மி.மீ. ஓட்டை 24 மி.மீ. வில்லைக்குச் சமம். வளையத்தைக் கழற்றினால் தீர்ந்ததே என்பீர்கள். ரிட்டர்ன் கிடையாது என்று ஆன பிறகு அதையும் கழற்றியாயிற்று. வியாழனைச் சுற்றி ஊதா நிறத்தில் ஒரு கோலம், நட்சத்திரம் ஒவ்வொன்றும் பொரி மாதிரி உப்பல். ஏனென்றால் முன் வில்லை ஒற்றைக் கண்ணாடி. அதன் நிறப் பிழையையும் மங்கலையும் மறைக்கத்தான் வளையமே. இதையும் வாங்கின அன்றே கண்டுபிடிக்கலாம்: வில்லையில் குண்டு பல்பின் பிம்பம் விழும்படி சாய்த்துப் பிடியுங்கள். ஒற்றைக் கண்ணாடியில் இரண்டு பிம்பம். ஒட்டிய இரட்டையில் மங்கலாக மூன்றாவது ஒன்று கூட இருக்கும். இதில் இரண்டே இரண்டு.

அமிச்சி பிரிசமும் பொய். எதிரே ஒரு கடைப் பலகையைப் பார்த்தால் எழுத்து நிமிர்ந்துதான் நிற்கிறது, ஆனால் இடம் வலம் மாறி. உள்ளே இருப்பது ஒளியைத் திருப்பிவிடும் வெறும் சாய்ந்த ஆடி, மிரர் டயகனல். தலைகீழாகத் தெரிந்தாலாவது நட்சத்திர வரைபடத்தைத் திருப்பிப் பிடித்து ஒப்பிடலாம். இடவலம் மாறினால் எப்படித் திருப்பினாலும் பொருந்தாது. பார்வைப் புலத்துக்கு ராத்திரிதான் பார்க்க வேண்டியிருந்தது: சப்தரிஷி மண்டலத்தில் துபேவுக்கும் மெராக்குக்கும் இடையே 5.4 டிகிரி. 6 டிகிரி ஃபைண்டரில் இரண்டும் சேர்ந்து நிற்க வேண்டும். இதில் ஒன்று வந்தால் மற்றது வெளியே.

இனி அவர்கள் பேச்சைக் கேளுங்கள். இரண்டாம் நாள் அளவுகளோடு வீடியோ அனுப்பியது: “நைட்ல பாருங்க சார், பகல்ல அப்படித்தான் தெரியும்.” ராத்திரி பார்த்துச் சொன்னது: “சார் கண்ணாடி போடுவீங்களா?” நான்காம் நாள்: “டெக்னிக்கல் டீமுக்கு அனுப்பியிருக்கோம், மூணு நாள் டைம் குடுங்க.” ரிட்டர்னுக்கு உள்ள அவகாசம் மொத்தமே ஏழு நாள். எட்டாம் நாள் டெக்னிக்கல் டீம் வாய் திறந்தது: “ரிட்டர்ன் டைம் முடிஞ்சிடுச்சே சார்.” அதோடு அந்த ‘பாடி சைஸ்’ தத்துவம். தளத்தில் கேட்டால் விற்பவரைக் கேளுங்கள் என்கிறார்கள், விற்பவர் தளத்தைக் கேளுங்கள் என்கிறார். நடுவில் 300 ரூபாய் கூப்பன் ஒன்று நீட்டினார்கள், அதே கடையில் செலவழிக்க! 4,750 ரூபாய்க்கு 300. இப்போது செய்தி போனால் ஒற்றை டிக் மட்டும்.

எதை வாங்கலாம் என்று விவரமாக எழுத உட்கார்ந்தால் கை அந்த உரையாடலுக்கே போகிறது. அவசரமாகச் சில.

பெட்டி வந்த அன்றே, பிரிப்பதிலிருந்து வீடியோ எடுத்து, அதிலேயே ஒளிவட்டத்தை அளந்துவிடுங்கள். 6×30 என்றால் 5 மி.மீ. வர வேண்டும். “டீம் பார்க்குது” என்று சொன்னாலும் காத்திருக்காமல் ரிட்டர்ன் பட்டனை அமுக்குங்கள்.

70, 76 மி.மீ. டெலஸ்கோப்புக்கு 8×50 வேண்டவே வேண்டாம். ரைட் ஆங்கிள் 8×50 பிராக்கெட்டோடு அரைக் கிலோ பக்கம் வரும், குழாய் தலை சாயும். நல்ல 6×30 போதும்.

ஏர்கன்னுக்கு மாட்டும் ரெட் டாட்டை ஃபைண்டர் என்று விற்கிறார்கள். பகலில் குறி பார்க்கச் செய்தது அது. ஆகக் குறைந்த வெளிச்சத்திலும் புள்ளி கண்ணைக் கூசும், கண்ணாடியின் நிறப்பூச்சு மங்கல் நட்சத்திரங்களை விழுங்கும், துப்பாக்கி மேல் மாட்டும் அதன் கிளாம்ப் டெலஸ்கோப்பின் ஷூவில் உட்காராது. டெலஸ்கோப்புக்கென்றே வரும் ரெட் டாட்டையும் இருட்டறையில் முழுக்கக் குறைத்துப் பார்த்து வாங்குங்கள். அணைக்க மறந்தால் சிஆர்2032 பேட்டரி காலி. டெல்ராட் என்ற வளையக் குறிகாட்டி அருமைதான், அரை, இரண்டு, நான்கு டிகிரி வளையங்கள், இரண்டு ஏஏ செல். ஆனால் ஜவ்வாது மலை மாதிரி இருட்டு வேண்டும். 76 மி.மீ. குழாய் மேல் அது குருவி தலையில் பனங்காய்.

சூரியனை ஃபில்டர் போட்டுப் பார்க்கும்போது ஃபைண்டரைக் கழற்றிவிடுங்கள், அல்லது மூடுங்கள். இதைக் கோபத்திலும் சொல்லியே ஆக வேண்டும்.

1915-இல், அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணில், புகார் பதிவாகிவிட்டது. 2020 மின்வணிக விதிப்படி தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அவருக்குத் தனியாக மெயில் போய் இன்றோடு ஐந்து நாள், சத்தமில்லை. அந்தக் கடையில் மட்டும் அதே 8×50 இன்று 4,299-க்குத் தள்ளுபடியில் ஓடுகிறது, அதே ஆறு ஸ்க்ரூ படத்தோடு.