வுடன் ஃப்ளோரிங் போடப் போகிறவர்கள் கவனத்துக்கு

சென்னையில் எங்கள் ஃபிளாட்டின் படுக்கையறைக்கு மட்டும் வுடன் ஃப்ளோரிங் போட ஒரு கடையில் பேசினோம். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. அங்கே காட்டிய சாம்பிளின் பின்பக்கத்தில் ‘ஈ1’ என்று, அதாவது வாயுக் கசிவு வரம்புக்குள் இருக்கிறது என்பதற்கான முத்திரை, தெளிவாக அச்சடித்திருந்தது. வேலையன்று வந்து இறங்கியதோ ஒரு எழுத்துகூட இல்லாத பழுப்பு அட்டைப்பெட்டிகள். பலகைகளின் முதுகிலும் ஒன்றுமில்லை. கேட்டதற்கு, “அதே சரக்குதான் மேடம், பேக்கிங் மட்டும் வேற” என்றார்கள்.

போட்ட அன்றிலிருந்தே நெடி. பூட்டிவிட்டு வேலைக்குப் போய் மாலையில் கதவைத் திறந்தால் கண் எரியும், தொண்டை கரகரக்கும். அந்த அறையில் படுக்கும் என் மாமியாருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கடைக்காரரோ, “புதுசுன்னா அப்படித்தான் மேடம், சாம்பிராணி போடுங்க, போயிடும்” என்கிறார். சாம்பிராணி நெடியை மறைக்கும், அவ்வளவுதான். இருமுகிறவருக்குப் புகை வேறு.

விஷயம் இதுதான். கடையில் மரம் என்று சொன்னாலும், எங்களுக்குப் போட்டது போன்ற லேமினேட் பலகையின் நடுப்பகுதி மரநாரைப் பிசின் சேர்த்து அழுத்திச் செய்தது. பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பிசின். அதிலிருந்து கண்ணையும் தொண்டையையும் உறுத்தும் ஃபார்மால்டிஹைடு வாயு மாதக்கணக்கில் கசியும். சூடும் ஈரப்பதமும் ஏறினால் கசிவும் ஏறும். சென்னையில் இரண்டுக்கும் என்ன குறைச்சல்? சாதாரண ஸ்பிலிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, இருக்கிற காற்றையே சுற்றிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அறிவித்துவிட்டது. இந்தக் கசிவுக்கு ஐரோப்பாவில் வைத்திருக்கும் வரம்புதான் ஈ1. வரம்பு என்றால் கசிவே இல்லை என்று அர்த்தமில்லை. அந்த முத்திரைகூட இல்லாத பலகையில் எவ்வளவு வருகிறதோ, யார் கண்டது?

இது போதாதென்று ஓரப் பட்டிகளை மஞ்சள் ரப்பர் சொல்யூஷன் தடவி ஒட்டிவிட்டுப் போனார்கள். அந்த மாதிரிப் பசையில் டொலுயீன் போன்ற கரைப்பான்கள் இருக்கும். தலைவலிக்கு அதுவே போதும்.

“போட்ட சரக்கைத் திரும்ப எடுக்க மாட்டோம்” என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறோம். இடிப்பது பில்தான்: ‘வுடன் ஃப்ளோரிங்’ என்று மட்டும் எழுதி, சதுர அடியும் தொகையும் போட்டிருக்கிறார்கள். பிராண்ட் இல்லை, ஈ1 இல்லை. ஆகவே கொட்டேஷனிலும் பில்லிலும் பிராண்ட், மாடல், ஈ1 மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். முடியாது என்றால் அந்தக் கடையில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். சரக்கு வந்ததும் ஆட்களைக் கொஞ்சம் உட்காரவைத்துவிட்டு, பெட்டிகளையும் பலகைகளின் பின்பக்கத்தையும் பாருங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.