கொழிஞ்சாம்பாறையில் கேபிளா, டிஷ்ஷா என்று யோசிப்பவர்களுக்கு

எங்கள் தையல் கடையில் டி.வி. கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை ஓடும். ஜாக்கெட் தைக்க வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் மலையாளம். இரண்டு மொழிச் சேனலும் வேண்டும். எங்கள் தெருவுக்கு வரும் கேபிளில் அது ஒரே பேக்கேஜில் கிடைக்கிறது, படமும் தெளிவு. குறை என்றால் ஆடிக் காற்றுதான். பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வருகிற காற்றுக்குத் தென்னை மட்டை லைன்மேல் விழுந்தால், ஏணியோடு ஆள் வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும்.

அப்படியும் இந்தக் கேபிள்காரர்களை நான் விடாததற்குக் காரணம் உண்டு. 2022 பிப்ரவரி 8 அன்று மீடியா ஒன் என்ற மலையாளச் செய்திச் சேனல் நின்றுபோனது. என்ன ஏது என்று திரையில் ஒரு வரி இல்லை. பணம் வாங்க வருகிற தம்பியிடம் கேட்டேன். "நம்ம லைன் கோளாறு இல்லைங்க்கா. டெல்லியில லைசென்ஸ் புதுப்பிக்க மாட்டேன்னுட்டாங்க, இங்க கேரளா ஹைகோர்ட்டும் சேனல்காரங்க கேஸைத் தள்ளிருச்சு" என்று மழுப்பாமல் சொன்னார்.

குற்றம் என்ன என்பது அவருக்குத் தெரிய வழியில்லை, சேனல்காரர்களுக்கே சொல்லவில்லையே! தேசப் பாதுகாப்பு என்றார்கள், காரணத்தை முத்திரையிட்ட உறையில் நீதிபதிகளிடம் மட்டும் நீட்டினார்கள். மார்ச் 15-இல் உச்ச நீதிமன்றம் அந்த அரசு உத்தரவுக்கு இடைக்காலத் தடை கொடுத்த பிறகுதான் சேனல் திரும்பியது. 2023 ஏப்ரல் 5 தீர்ப்பில் அந்த உறை வழக்கத்தையே நீதிமன்றம் கண்டித்தது. அரசை விமர்சிப்பது லைசென்ஸை மறுக்கக் காரணமாகாது, நான்கு வாரத்தில் புதுப்பித்துக் கொடுங்கள் என்றது. அந்தச் செய்தி ஓடியபோது தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தேன்.

அந்நிய நாட்டுப் பிரசாரம் என்றால் தடுக்கவே கூடாதா என்று கடையில் ஒரு வாக்குவாதம் வந்தது. தடுக்க வேண்டிய நேரமும் வரலாம். 2022 மார்ச்சில், உக்ரைன் போர் தொடங்கிய கையோடு, ரஷ்ய அரசின் செய்தி நிறுவனங்களான ஆர்.டி., ஸ்புட்னிக் இரண்டையும் ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்தியது. அதில் எனக்கு முழுச் சம்மதம் கிடையாது. ஆனால் காரணத்தை அரசிதழில் அச்சிட்டுப் போட்டார்கள். அதை எதிர்த்து ஆர்.டி.யின் பிரான்ஸ் கிளை ஐரோப்பிய ஒன்றியத்தின் கோர்ட் ஏறி வாதாடி, ஜூலை 27-இல் தோற்றது. எதற்காகத் தடை என்று தெரிந்துதான் வாதாடியது. நம் ஊர்ச் சேனலுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை என்பதுதான் என் ஆத்திரம். பார்க்கிறவர்களுக்கும் காரணம் தெரியத்தான் வேண்டும்.

கேபிள் ஆபீஸுக்கு ஒரு வேண்டுகோள்: அரசு உத்தரவால் ஒரு சேனல் நின்றால், எந்தத் துறை, எந்தத் தேதி உத்தரவு என்று அந்தச் சேனல் நம்பரில் எழுத்து ஓடவிடுங்கள். உங்கள் உள்ளூர்ச் சேனலில் நகைக்கடை விளம்பரம் ஓடுகிற மாதிரி ஓடினால் போதும்.

வேலந்தாவளம் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்கள் இந்தக் கனெக்ஷனைத் தாராளமாக எடுக்கலாம். ஆடி பிறக்கும் முன்பே லைனை இழுத்துக் கட்டித் தரச் சொல்லுங்கள்.